ஏஜென்ட் காட்டும் 'பர்மிஷன்' எது?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அவள் பள்ளிக்கு ஜெர்மனியில் இருந்து 12 பிள்ளைகள் வருகிறார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டில் தங்குவார்கள். பிப்ரவரி கடைசி வாரம் எல்லோரையும் குரங்கணியில் இருந்து நடத்தியே கொழுக்குமலைக்குக் கூட்டிப்போய், இரண்டு இரவு டென்ட்டில் தங்கவைப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். "பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்கிறார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா? டென்ட் தரமானதா என்று எப்படிப் பார்ப்பது? உயரத்துக்கு மாத்திரை வாங்கி வைக்கவா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். டென்ட்டை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் மாதம். 2018 மார்ச் 11 அன்று நீங்கள் சொல்லும் இதே மலையில்தான் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். பிப்ரவரி பிற்பாதியில் இருந்தே அந்தச் சரிவில் புல் காய்ந்து சருகாகிவிடும். கீழே பிடித்த தீ மேட்டைப் பார்த்து ஏறும்போது, ஓடுகிற ஆளைவிட வேகமாக ஏறும். அரசே நடத்தும் 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகளை 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியது இந்தத் தீ பயத்தால்தான். அரசு மூடுகிற நாட்களில் ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன் என்றால், அவர் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

கேட்டால் காட்டுவார், அங்கேதான் ஏமாறுகிறோம். எனக்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் 'பர்மிஷன்' என்று ஒன்று அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தால், செக்போஸ்ட்டில் கிழித்துக் கொடுக்கும் நுழைவுச் சீட்டு. ஜீப் நம்பர், தொகை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. எந்தப் பாதை, எத்தனை பேர், கூட்டிப்போகிறவர் யார் என்று எதுவும் இல்லை. 2018-இல் போனவர்களும் சீட்டு வாங்கியிருந்தார்கள். அது டாப் ஸ்டேஷன் பாதைக்கு, கொழுக்குமலைக்கு இல்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். நீங்கள் கேட்க வேண்டியது பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை மூன்றும் எழுதி வனத்துறை அதிகாரி கையெழுத்திட்ட கடிதம். அதையும் வாட்ஸ்அப்பில் பார்த்துத் திருப்தி அடையாமல், பள்ளியில் இருந்து ஒருவரை வன அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

இதில் எனக்கு ஆத்திரம் வருவது வேறு ஒன்றுக்கு. முறையாக விண்ணப்பம் எழுதி, பெயர்ப் பட்டியல், மருத்துவச் சான்று எல்லாம் இணைத்து நான் ஒரு அலுவலகத்தில் கொடுத்தேன். இரண்டு மாதம் பதிலே இல்லை. நேரில் போனால் "ஃபைல் மேலே போயிருக்கு". அதே வாரம் இன்னொரு கும்பல் செக்போஸ்ட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு சாவகாசமாக மேலே போய் வந்தது. கேட்டுப் போகிறவனை இப்படி இழுத்தடித்தால் ஏஜென்ட்டுக்குத் தொழில் நடக்காமல் என்ன செய்யும்?

இனி ஏஜென்ட் சொல்லப்போகும் பதில்: "நாங்க தங்குறது பட்டா நிலம் சார், வனத்துறை அனுமதியே தேவையில்ல." இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கொழுக்குமலையில் இருப்பது தனியார் தேயிலைத் தோட்டம், உண்மைதான். சொந்தப் பட்டா நிலத்துக்குள் படுத்துத் தூங்க வனத்துறையிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் அங்கே தூங்க மட்டுமா போகிறார்கள்? குரங்கணியில் இருந்து ஏறும் வழி காடு. விடியற்காலை நாலரைக்கு எழுப்பி சூரிய உதயம் காட்டக் கூட்டிப்போவார்களே, அந்த முனை தோட்டத்து எல்லைக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டா முடிகிற இடத்தில் வேலியும் இருக்காது, பலகையும் இருக்காது. அப்புறம், எஸ்டேட் என்றாலே பட்டா என்றும் நினைக்காதீர்கள். மாஞ்சோலை 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்ட நிலம். அது யாருடைய பட்டாவும் இல்லை. ஜீப்பில் போவதானால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே வேறு மாநிலம், வேறு அலுவலகம். பட்டா நிலம் என்று யானைக்கும் தெரியாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று. வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும், வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். ஹோட்டலுக்கு மட்டும் உள்ள விதி இல்லை, இரண்டு பேரைத் தங்கவைக்கும் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். டென்ட் போடுகிறவரிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழித்தால் அவர் யார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பள்ளிக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: தேதியை மாற்ற முடியாதென்றால் காட்டுக்குள் போவதை விட்டுவிடுங்கள். ஊருக்குள் கட்டடத்தில் தங்கி, தார்ச்சாலை ஓரமாகத் தேயிலைத் தோட்டம் பார்த்துவிட்டு வரலாம். தேதி மாறுமென்றால் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்யுங்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். குரங்கணியில் இருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் உண்டு. உள்ளூர்ப் பையன்களே வழிகாட்டிகள், பகலில் போய்ப் பகலில் திரும்பலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தில் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள்.

மாத்திரை வேண்டாம். உயரம் படுத்தும் பாடு பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலே தங்கும்போதுதான். ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், கொழுக்குமலை அதைவிடத் தாழ்வு. ஒரு ஸ்வெட்டர், கூடுதலாக இரண்டு ஜோடி காய்ந்த சாக்ஸ் போதும்.