வாசகர் கேள்வி – பதில்: பாலே பயிலும் பிள்ளைகளும் பெற்றோரும்

பாலே வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுள், பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடியவை இம்முறை பதிலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. உடல்நலம் பற்றி இங்கே சொல்லப்படுவது பொதுவான வழிகாட்டலே. வலியோடு இருக்கும் குழந்தையை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. 5 வயதிலிருந்து வாரம் ஒருமுறை பாலே கற்கிறாள். வேறொரு பள்ளியில் பயிலும் அவளுடைய தோழி பாயின்ட் ஷூ (விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான காலணி) அணிந்து ஆடத் தொடங்கிவிட்டாள். எங்கள் ஆசிரியையோ இன்னும் இரண்டு வருடமாவது போகட்டும் என்கிறார். 5 வருடம் கற்ற பின்னும் ஏன் இந்தத் தாமதம்?
— ஒரு தாய், ஹாரோ, லண்டன்

பதில்: உங்கள் ஆசிரியை சொல்வதுதான் சரி. சொல்லப்போனால், வாரம் ஒரு வகுப்பு மட்டும் என்ற நிலை தொடர்ந்தால் இரண்டு வருடம் கழித்தும் அவர் தயங்கக்கூடும். அப்போதும் அவரோடு வாதாட வேண்டாம்.

பாயின்ட் ஷூ ஆடுபவரைத் தூக்கி நிறுத்துகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். துணியையும் தாளையும் பசையிட்டு அடுக்கிக் கெட்டியாக்கிய அதன் முன்பகுதியும், உள்ளங்காலின் கீழ் ஓடும் விறைப்பான தகடும் பாதத்துக்குப் பிடிமானம் தருகின்றனவே தவிர, உடலை மேலே ஏற்றுவதில்லை. அந்த வேலையைச் செய்பவை பாதத்தின் சிறு தசைகளும் கெண்டைக்காலும் தொடையும், எல்லாவற்றுக்கும் மேலாக இடுப்பையும் வயிற்றையும் சுற்றியுள்ள தசைகளும்தான். இவை வலுப்பெறாத குழந்தை, ஷூவுக்குள் தொய்ந்து அமர்ந்துகொண்டு, விரல்களை மடக்கி, முழங்காலை வளைத்துச் சமாளிக்கும். பார்க்க அது பாயின்ட் போலத்தான் இருக்கும். காயங்கள் தொடங்குவதும் அங்கேதான்.

12 வயதானால் போதும், எலும்பு முற்றிவிடும் என்றொரு நம்பிக்கையும் பரவலாக உண்டு. பாத எலும்புகளின் வளர்ச்சி 12 வயதில் முடிந்துவிடுவதில்லை. பதின்ம வயதிலும் அது தொடர்கிறது. ஆகவே 12 என்பது எலும்புக் கணக்கு அன்று. 8 வயதளவில் முறையான பயிற்சியைத் தொடங்கி, வாரம் இரண்டு வகுப்பாவது செய்துவரும் பிள்ளைக்கு நான்காவது ஆண்டுவாக்கில் தேவையான வலுவும் கட்டுப்பாடும் வருகின்றன என்பதிலிருந்து வந்த கணக்கு அது. நடன மருத்துவத்துக்கான சர்வதேச சங்கத்தின் வழிகாட்டலும் இதையொட்டியே அமைந்துள்ளது. வாரம் ஒரே வகுப்புக்குச் செல்பவர்களுக்குப் பாயின்ட் வேண்டாம் என்றே அது அறிவுறுத்துகிறது. மழலை வகுப்பில் கழிந்த வருடங்கள் இந்தக் கணக்கில் பெரிதாகச் சேர்வதில்லை.

ஆசிரியை எவற்றைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் உங்கள் மனமும் அமைதியாகும். ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல், கணுக்கால் உள்ளேயோ வெளியேயோ சாயாமல், குதிகாலை மீண்டும் மீண்டும் உயர்த்தித் தாழ்த்த முடிகிறதா? பாதத்தை நீட்டினால் அதன் மேற்புறம் கீழ்க்கால் எலும்போடு ஒரே கோட்டுக்கு வருகிறதா? குதித்து இறங்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா? இவற்றை ஆசிரியை வகுப்புதோறும் கவனிக்கிறார். பாதப் பயிற்சியில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை காட்டி மதிப்பீடு பெறுவதும் நல்ல பழக்கமே.

தேர்வுகளில் பின்தங்கிவிடுவாளோ என்ற கவலையும் வேண்டாம். ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் நடத்தும் கிரேடு 1 முதல் 8 வரையிலான தேர்வுகளுக்குப் பாயின்ட் ஷூ தேவையே இல்லை. தொழில்முறைப் பயிற்சியை நோக்கிய தனிப்படிநிலைத் தேர்வுகளில்தான் அது வருகிறது. அவற்றின் முதற்படிக்கே குறைந்தபட்ச வயது 11.

நேரம் வந்து வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வளர்கிற பிள்ளை என்று பள்ளிக் காலணியை ஓர் அளவு கூட்டி வாங்குவது நம் வீடுகளில் வழக்கம். பாயின்ட் ஷூவில் அது ஆபத்து. அளவு பார்க்கத் தெரிந்தவர் இருக்கும் கடையில், பிள்ளையை அணியவைத்து, நிற்கவைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். இணையத்தில் வாங்குவதும், அக்காவின் பழைய ஜோடியைத் தங்கைக்குக் கொடுப்பதும் கூடாது.

கேள்வி: சென்ற வருடம் வரை என் மகள் எளிதாக ஸ்ப்ளிட் (கால்களை நேர்கோடாக விரித்துத் தரையில் அமர்வது) செய்தாள். இப்போது 12 வயது. உடல் இறுகிவிட்டது போல் இருக்கிறது, சுழலும்போதும் தடுமாறுகிறாள். காணொளிகளைப் பார்த்து நானே தினமும் அவளைத் தரையில் உட்காரவைத்துக் காலை அழுத்தி நீட்டிவிடுகிறேன். வேறென்ன செய்யலாம்?
— ஒரு தாய், கோலாலம்பூர்

பதில்: முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள். உயரம் விரைவாகக் கூடும் பருவத்தில் எலும்புகள் முந்திக்கொண்டு நீளும். தசைகளும் தசைநாண்களும் பின்னால் வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். கைகால்களின் நீளம் மாறிவிட்டதால், நேற்றுவரை பழகியிருந்த சமநிலையை உடல் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இக்காலத்தில் இறுக்கமும் தடுமாற்றமும் இயல்பு. குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் வலி தோன்றுவதும் இப்பருவத்தில்தான் அதிகம். இன்னொருவரின் பலத்தால் மூட்டை அழுத்தி விரிக்கும்போது தசை மட்டுமின்றி, அது எலும்போடு சேரும் வளரும் பகுதியும் இழுபடுகிறது. உடல் நன்கு சூடான பின், அவளாகவே, வலியில்லாத எல்லை வரை நீட்டிக்கொள்வது போதும். குதிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து, இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியைக் கூட்டும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

குப்புறப் படுக்கவைத்து, முழங்கால்களைத் தவளை போல் விரித்து, பின்புறத்தில் ஏறி அழுத்தும் ஒரு பயிற்சியும் காணொளிகளில் உலவுகிறது. கால்களை வெளிப்புறமாகத் திருப்பும் டர்ன்-அவுட் பெரும்பாலும் இடுப்பு மூட்டிலிருந்தே வர வேண்டும். அந்த மூட்டு எவ்வளவு திரும்பும் என்பதைப் பெருமளவு எலும்பின் அமைப்பே தீர்மானிக்கிறது. எலும்பின் அமைப்பை அழுத்தி மாற்ற முடியாது. இரு பாதங்களும் ஒரே நேர்கோட்டில் 180 பாகையாக நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினால், இடுப்பில் இல்லாத திருப்பத்தைக் குழந்தை முழங்காலை முறுக்கியும், பாத வளைவை உள்ளே சரித்தும் ஈடுகட்டும். 140 பாகையை நேர்மையாகப் பயன்படுத்தும் மாணவி, 180 பாகையை முழங்காலில் திருடும் மாணவியைவிட நீண்ட காலம் ஆடுவாள்.

கேள்வி: மகள் பரதநாட்டியமும் பாலேயும் கற்கிறாள். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று இரு தரப்பு உறவினர்களும் சொல்கிறார்கள். ஒன்றை விட்டுவிட வேண்டுமா?
— ஒரு தந்தை, சிங்கப்பூர்

பதில்: கெடுக்கும் என்பதற்கு நடன வரலாறே மறுப்பாக இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல், ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் தூண்டுதலால், அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். நம் மரபு நடனத்தை நோக்கி அவரைத் திருப்பியதிலும் பாவ்லோவாவுக்குப் பங்குண்டு. கலாக்ஷேத்ரா அதன் பிறகே 1936இல் தோன்றியது.

ஆனால் உடலளவில் சில உண்மைகளைக் கவனிக்க வேண்டும். பரதநாட்டியத்தின் அரைமண்டியும், முழங்காலை மடக்கித் தாழும் பாலேயின் பிளியேயும் இடுப்பிலிருந்து வெளித்திருப்பத்தையே கேட்கின்றன. முழங்கால், பாதவிரல்களின் திசையிலேயே செல்ல வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது விதி. ஒரு வகுப்பில் இதைச் சரியாகக் கற்ற பிள்ளைக்கு மற்றதிலும் அது உதவும். எடை இறங்கும் விதம்தான் வேறு. அடவில் வெறும் பாதம் தரையைத் தட்டுகிறது. அரைமண்டியில் உடல் நீண்ட நேரம் தாழ்ந்தே இருக்கிறது. பாலேயில் விரலிலிருந்து குதிகால் வரை ஓசையின்றி உருண்டு இறங்க வேண்டும். பிள்ளைகள் இந்த மாற்றத்துக்கு வியக்கத்தக்க விரைவில் பழகிவிடுகிறார்கள், பெரியவர்கள்தான் அஞ்சுகிறார்கள்.

நான் அஞ்சுவது மொத்தச் சுமையைக் கண்டு. இரு ஆசிரியர்களும் தத்தம் வகுப்பை மட்டுமே எண்ணுகிறார்கள். குதிகாலுக்கோ இரண்டும் சேர்ந்த கணக்குத்தான். வாரம் முழுவதும் எத்தனை மணி நேரம் ஆடுகிறாள் என்று எழுதி, இருவரிடமும் காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது எந்த நடனமும் இல்லாமல் இருக்கட்டும். அரங்கேற்றத்துக்கான தீவிரப் பயிற்சியும் பாயின்ட் தொடக்கமும் ஒரே ஆண்டில் வரக் கூடாது. இவற்றில் ஒன்றைத் தள்ளிவைக்க நேர்ந்தால், மண்டபமும் பக்கவாத்தியமும் பேசி முடித்துவிட்ட அரங்கேற்றத்தை அல்ல, பாயின்ட் ஷூவைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: எனக்கு 15 வயது. கொஞ்சம் இளைத்தால் உன் கால்களின் கோடு நன்றாகத் தெரியும் என்று என் பாலே ஆசிரியர் சொன்னார். அதிலிருந்து இரவு உணவைத் தவிர்க்கிறேன். கடந்த நான்கு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. நடனமாடுபவர்களுக்கு இது சகஜம் என்று தோழிகள் சொல்வதால் அம்மாவிடம் சொல்லவில்லை.
— ஒரு மாணவி, டொராண்டோ

பதில்: இந்த இதழை இன்றே அம்மாவிடம் காட்டி, இந்த வாரமே குடும்ப மருத்துவரைப் பார். தோழிகள் சொல்வது தவறு. மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் நின்றாலும், 15 வயதாகியும் தொடங்காமலே இருந்தாலும், எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்பவராக இருந்தாலும், மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

காரணத்தையும் தெரிந்துகொள். செலவிடும் ஆற்றலுக்கு ஈடான உணவு கிடைக்காதபோது, உடல் உடனடித் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிடாய் அவற்றுள் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு அடர்த்தியும் குறைகிறது. வாழ்நாள் முழுவதற்கும் வேண்டிய எலும்பு வலுவைச் சேர்த்துவைக்கும் வயது உன்னுடையது. இப்போது இழப்பதைப் பிறகு முழுமையாக மீட்பது கடினம். நடனமாடுபவர்களின் பாதத்திலும் கீழ்க்காலிலும் வரும் நுண்முறிவுகளுக்கு இது முக்கியமான காரணம். விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் இந்த ஆற்றல் பற்றாக்குறை நிலையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரிட்டு வரையறுத்தது. நடனமாடுபவர்களுக்கும் அது பொருந்தும். அத்துடன், பட்டினி கிடக்கும் உடல் தசையையும் கரைக்கும். தசை இழந்த காலில் எந்தக் கோடும் நிற்காது.

பெற்றோருக்கு: 9 முதல் 18 வயது வரை கனடாவில் பரிந்துரைக்கப்படும் கால்சியம் நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம். பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியவை நம் சமையலிலேயே இருக்கின்றன. குளிர்நாடுகளில் வாழும் நம்மவரின் தோல் நிறத்துக்கு வைட்டமின் டி போதாமல் போவதும் உண்டு. பிரிட்டனில் தெற்காசியர் உள்ளிட்ட கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதும் நாள்தோறும் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது பற்றி எண்ணிப் பார்க்குமாறு அரசே அறிவுறுத்துகிறது. உங்கள் மருத்துவரிடமும் கேளுங்கள். வகுப்புக்கு முன் ஓர் இட்லியோ வாழைப்பழமோ, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பருப்போ முட்டையோ சேர்ந்த முழு உணவோ கிடைப்பதை உறுதிசெய்யுங்கள். ஆசிரியரிடம் நேரில் பேசி, எடையைப் பற்றிப் பிள்ளையிடம் இனி ஒரு சொல்லும் கூடாது என்று கேளுங்கள். அவர் மறுத்தால், அவர் எவ்வளவு புகழ்பெற்றவராயினும், பள்ளியை மாற்றுங்கள்.

கேள்வி: 9 வயது மகன் பாலே கற்க விரும்புகிறான். ‘பெண்பிள்ளை ஆட்டம்’ என்று அவனுடைய தாத்தா கேலி செய்கிறார். சென்னையில் சேர்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
— ஒரு தந்தை, சென்னை

பதில்: தாத்தாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 1661இல் பாரிஸில் நடனத்துக்கென அரச கழகம் நிறுவிய பதினான்காம் லூயி மன்னரே மேடையேறி ஆடியவர். பாரிஸ் ஓபெரா மேடையில் தொழில்முறைப் பெண் ஆடுநர்கள் தோன்றியது 1681இல்தான். அதுவரை பெண் வேடத்தையும் ஆண்களே ஆடினார்கள். நம் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதுமையாகவும் இருக்காது. மும்பையில் பயின்ற அமிருதீன் ஷா 2017இல் லண்டன் ராயல் பாலே பள்ளியில் இடம் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பையன்களுக்குப் பொதுவாகப் பாயின்ட் கிடையாது. உயரக் குதித்தலும் சுழற்சியும் முதலில் வரும். இணையாடுநரைத் தூக்கும் பயிற்சி, வளர்ச்சி நிதானமாகி மேலுடல் வலுப்பெற்ற பிறகே தொடங்க வேண்டும்.

சேர்க்கும்முன் தரையைப் பாருங்கள். சான்றிதழ்களைவிட அதையே முதலில் பார்க்கச் சொல்வேன். சிமென்ட் தளத்தின்மேல் நேரடியாக ஒட்டிய டைல்ஸோ வினைல் விரிப்போ குதிக்கும் குழந்தையின் கீழ்க்காலுக்கு ஆகாது. அடியில் சற்றே அமிழ்ந்து கொடுக்கும் மரத்தளம் இருக்க வேண்டும். அடுத்து, ஆசிரியர் யாரிடம், எந்த முறையில் பயின்றார் என்று கேளுங்கள். வாகனோவா, செக்கெட்டி, ராயல் அகாடமி என எந்த முறையாயினும் நன்று. ஒன்றை முழுமையாகக் கற்றவராக இருப்பதே முக்கியம். ஒரு வகுப்பு முழுவதையும் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ‘பார்’ எனும் கம்பியைப் பிடித்துச் செய்யும் மெதுவான பயிற்சிக்கு நேரம் ஒதுக்கப்படுகிறதா, வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பவற்றைக் கவனியுங்கள். ஆண்டுவிழா நடனத்தையே ஆண்டு முழுவதும் ஒத்திகை பார்க்கும் இடம் என்றால், வேறு இடம் தேடுங்கள்.

கேள்வி: வகுப்பு நேரத்தில் நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாமா?
— ஒரு தாய், யாழ்ப்பாணம்

பதில்: முதல் சில வாரங்கள் நில்லுங்கள். பிறகு உங்கள் மகள் திருத்தம் கேட்கும்போதெல்லாம் ஆசிரியரை விட்டுவிட்டுக் கதவைப் பார்க்கத் தொடங்கினால், கடைக்குப் போய் வாருங்கள்.