36 வயதில் மருத்துவம் படிக்கலாமா? ஒரு குடும்ப மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் வேறு ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, வங்கியில் கடன் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டு 33 வயதில்தான் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: எனக்கு 36 வயது, கணக்காளராக இருக்கிறேன். அப்பாவை மூன்று மாதம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டபோது டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆசை வந்தது, இன்னும் போகவில்லை. ரொம்பத் தாமதமாகிவிட்டதா?

தாமதம்தான். அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். ஆனால் முடியாத தாமதம் இல்லை. கணக்கையே முதலில் போட்டுவிடுவோம். பள்ளி முடித்ததும் சேர்கிற மருத்துவப் படிப்பு பெரும்பாலான நாடுகளில் 5 அல்லது 6 வருடம். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்கு 4 வருடத்தில் முடிகிற படிப்பு அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உண்டு. அதன் பிறகு குடும்ப மருத்துவப் பயிற்சி கனடாவில் 2 வருடம், அமெரிக்காவில் 3 வருடம், பிரிட்டனில் 2 வருடப் பொதுப் பயிற்சிக்கு அப்புறம் இன்னும் 3 வருடம். நுழைவுத் தேர்வுக்காக உயிரியல், வேதியியல், இயற்பியல் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க ஒன்றிரண்டு வருடம் போகும். ஆக, இன்றே ஆரம்பித்தாலும் 45-ஐ ஒட்டியோ தாண்டியோதான் நீங்கள் தனியாக உட்கார்ந்து நோயாளி பார்ப்பீர்கள். வயது வரம்பு, முதல் பட்டம் பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும். அதிகாரபூர்வ அறிவிப்பை நீங்களே உட்கார்ந்து படியுங்கள், யாரோ சொன்னதைக் கேட்டு ராஜினாமா கடிதம் எழுதிவிடாதீர்கள்.

சரி, வயதை ஒரு பக்கம் வையுங்கள். அந்த மூன்று மாதத்தில் உங்களைத் தொட்டது எது? இரவில் ஓடி வந்து அப்பாவைக் காப்பாற்றிய காட்சியா, அல்லது யாரோ ஒரு டாக்டர் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாரே, அதுவா? இரண்டுமே நல்ல காரணங்கள்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போகும். குடும்ப மருத்துவரின் ஒரு நாள் என்பது பிரஷர், சர்க்கரை, முதுகுவலி, தோலில் அரிப்பு, தூக்கமின்மை, ஒரு சான்றிதழ், ஒரு பரிந்துரைக் கடிதம், நடுவில் திடீரென்று ஒரு நெஞ்சுவலி, அப்புறம் மறுபடியும் பிரஷர். வேலையை விடுவதற்கு முன்னால் ஆறு மாதமாவது விடுமுறை நாட்களில் ஒரு சிறிய கிளினிக்கில் தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள், வரவேற்பு மேஜையில் பெயர் எழுதிக்கொடுக்கிற வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. நாற்பதாவது நோயாளியைப் பார்க்கும்போதும் அவர் என்ன சொல்ல வந்திருக்கிறார் என்று அறிய ஆவல் இருந்தால் படிக்கப் போங்கள்.

மனப்பாடம் கஷ்டமாகத்தான் இருக்கும். 18 வயதுப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் முடித்த நரம்புகளின் பெயர்ப் பட்டியல் எனக்கு மூன்று வாரம் எடுத்தது. ஆனால் வார்டுக்குள் போன பிறகு நிலைமை மாறியது, ஏனென்றால் அங்கே முன்பின் தெரியாத மனிதரிடம் பேச்சைத் தொடங்கத் தெரிய வேண்டும், அது எங்களைப் போன்றவர்களுக்குப் பழகிய வேலை.

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர். முதுகுக் கோளாறால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார், சாகும் தறுவாயில் இருந்தவர்களிடம் நிறையப் பேசினார், அவர்களுடைய வலிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மருத்துவம் படித்து 1957-இல் டாக்டர் ஆனபோது வயது 39-ஐ நெருங்கியிருந்தது. பத்து வருடம் கழித்து 1967-இல் லண்டனில் அவர் தொடங்கிய, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸிலிருந்துதான் இன்றைய வலி தணிப்புச் சிகிச்சை உலகமெங்கும் பரவியது. வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவிலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு முந்தைய இரண்டு வேலைகளிலும் கண்டதும் கேட்டதும் காரணம் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: ஆசிரியராக இருந்துவிட்டு இப்போது மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். குடும்ப மருத்துவம் எடுக்கப் போகிறேன் என்றால் "இவ்வளவு கஷ்டப்பட்டு இதற்கா?" என்கிறார்கள். ஸ்பெஷலிஸ்ட் ஆக முடியாதவர்கள் எடுக்கிற துறையா இது?

இல்லை. இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

கெர் ஒயிட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1961-இல் வெளியிட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். பெரியவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஒரு நோயோ காயமோ வருகிறது, 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள், 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள், பல்கலைக்கழக மருத்துவமனை வரை போகிறவர் ஒரே ஒருவர். உங்கள் படிப்பு முழுவதும் அந்த ஒருவரைச் சுற்றியே நடக்கிறது. மீதி 249 பேர் யாரிடம் போவார்கள்?

அது சுலபமான வேலையும் இல்லை. ஸ்பெஷலிஸ்டிடம் வரும்போது நோய்க்குப் பாதிப் பெயர் வைத்தாகிவிட்டது. நம்மிடம் வருகிறவர் "ஒரு மாதமாகச் சோர்வாக இருக்கிறது" என்று மட்டும் சொல்வார். அது ரத்தசோகையா, தைராய்டா, மனச்சோர்வா, வீட்டில் கைக்குழந்தை தூங்கவிடவில்லையா, அபூர்வமாகப் புற்றுநோயா? எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் எழுதினால் சிலருக்கு நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம். எதை இன்றே தேட வேண்டும், எதை இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று முடிவெடுப்பதும், அந்த இரண்டு வாரத்தில் அவர் கண்டிப்பாகத் திரும்பி வருகிற மாதிரி நடந்துகொள்வதும் கைவர வருடக்கணக்காகும்.

இந்தத் துறையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவழித்த பார்பரா ஸ்டார்ஃபீல்ட் இதன் குணம் நான்கு என்றார்: முதலில் வந்து சேரும் இடமாக இருப்பது, வருடக்கணக்கில் தொடர்வது, எல்லா வகைத் தேவைக்கும் ஈடுகொடுப்பது, மற்ற டாக்டர்களின் சிகிச்சையை ஒருங்கிணைப்பது. இதில் தொடர்ச்சியைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். நார்வேயில் 2021-இல் வெளிவந்த ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை ஒரே வருடம் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது அவசர மருத்துவமனைச் சேர்க்கை சுமார் 28 சதவீதமும் இறப்பு சுமார் 25 சதவீதமும் குறைவாக இருந்தன. தொடர்ச்சி ஒன்றுதான் காரணம் என்று அந்த வகை ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மாத்திரை இவ்வளவு செய்கிறது என்று தெரிந்தால் அதை எல்லோரும் எழுதுவார்கள் இல்லையா?

வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1960-களில் தன் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கும்கூட, பிரஷர் பார்த்து வைத்தார். மருத்துவ வசதி அதிகம் தேவைப்படுகிற இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதியவரும் அவர்தான். அவரும் ஒரு கிராமத்துக் குடும்ப மருத்துவர்தான் என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நோயாளியை மையமாக வைத்த சிகிச்சை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. அதில் கதை கேட்க முடியுமா?

கேட்க முடியும். கேட்காமல் விட்டால்தான் நேரம் போகிறது. அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984-இல் செய்த ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டார். குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று ஸ்விட்சர்லாந்தில் பேசல் பல்கலைக்கழக மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் பார்த்தார்கள், அந்த முடிவு 2002-இல் வந்தது. சராசரி 92 வினாடி. பத்தில் எட்டுப் பேர் போல இரண்டு நிமிடத்துக்குள் தாங்களே நிறுத்திவிட்டார்கள். ஒன்றரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு, கணினித் திரையைப் பார்க்காமல், ஆளைப் பார்த்து உட்காருவதுதான் முதல் பயிற்சி. சொல்லும்போது சின்ன விஷயம், செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

நான் பட்ட பாடத்தையும் சொல்கிறேன். பயிற்சி முடித்த புதிதில், இரவுக் காவல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வருவார். பிரஷர் இறங்கவே இல்லை. முதல் தடவை மருந்தளவைக் கூட்டினேன். இரண்டாம் தடவை இன்னொரு மாத்திரை சேர்த்தேன். மூன்றாம் தடவையும் அப்படியே இருந்ததும் கொஞ்சம் கடுமையாகவே, "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா ஐயா?" என்று கேட்டேன், அவரும் "போடுகிறேன் டாக்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டார். என்னோடு இருந்த செவிலியர்தான் வெளியே வைத்து, "எந்த நேரத்தில் போடுறீங்க, போட்டா என்ன பண்ணுது?" என்று விசாரித்திருக்கிறார். அது சிறுநீரை அதிகமாக்குகிற மாத்திரை. போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் வாசலை விட்டு அடிக்கடி எழுந்து போக வேண்டும், மேலாளர் திட்டுவார். காலையில் வந்து போட்டால் பகல் தூக்கம் கெடும். அதனால் வேலை இல்லாத நாளில் மட்டும் போட்டிருக்கிறார். அந்த மாத்திரையை மாற்றி வேறு வகை கொடுத்தேன், பிரஷர் கட்டுக்குள் வந்தது. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்ற கேள்விக்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது நான் கேட்பது, "நிறையப் பேருக்கு இதைத் தினமும் போடுவது சிரமமாக இருக்கிறது, உங்களுக்கு எப்படி?"

இன்னொன்று. நோயாளி எழுந்து கதவுப் பக்கம் போன பிறகுதான் "அப்புறம் டாக்டர், ஒரு விஷயம்..." என்று உண்மையான காரணத்தைச் சொல்வார். அதை ஆரம்பத்திலேயே வெளியே கொண்டுவர வேண்டும். "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்ற பதிலை நாமே கையில் கொடுத்த மாதிரி. "வேற என்ன சொல்லணும்னு நினைச்சு வந்தீங்க?" என்று கேளுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் நோயாளி கேட்பதைக் கொடுப்பதுதான் இந்த முறையா? சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்கிறார்களே!

இல்லவே இல்லை. ஏன் கேட்கிறார் என்று தெரிந்துகொள்வதுதான் இந்த முறை. இருமல் ஒரு வாரத்தில் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், சாதாரண இருமல் சராசரியாக 18 நாள் போல நீடிக்கும் என்று 2013-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. பத்தாவது நாள் பயந்துபோய் வருகிறவருக்கு இதைச் சொல்லி, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து நன்றாகக் கேட்டு, மூச்சு வாங்கினாலோ ரத்தம் வந்தாலோ உடனே வரச் சொல்லி அனுப்பினால் பெரும்பாலோர் மருந்தில்லாமலே நிம்மதியாகப் போகிறார்கள். போன வருடம் இருமலோடு ஆரம்பித்த உறவினர் ஒருவர் இறந்துபோனதை மனதில் வைத்துக்கொண்டு வந்தவராக இருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி போக வேண்டும். கேட்டால்தானே தெரியும்.

கேள்வி: பழைய வேலையில் கழித்த வருடங்கள் வீண் என்று தோன்றியதுண்டா?

முதல் வருடம் தோன்றியது. இப்போது இல்லை. கடன் பிரிவில் வீடு பழுது பார்க்க என்று எழுதிக்கொடுத்தவர்களில் எத்தனையோ பேர், கையெழுத்துப் போடுகிற நேரத்தில்தான் மகனின் கடனை அடைக்க என்று சொல்லியிருக்கிறார்கள். தலைவலி என்று வருகிறவர் எனக்குப் புதியவர் இல்லை.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. மருத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறார். இரண்டு சின்னப் பிள்ளைகள். தடுத்தால் சுயநலம் போல இருக்கிறது, சம்மதித்தால் பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயம் சுயநலம் இல்லை. என் மனைவியும் இதே பயத்தோடு இருந்தார், நான் அதைக் கேட்க இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன், அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன். வேலை மாறுகிறவர் தன் உழைப்பை மட்டும் கணக்கில் எடுக்கிறார். தேர்வுக்கு முந்தைய மாதங்களில் பிள்ளைகளைத் தூங்க வைப்பது யார், இரவுப் பணி முடிந்து வந்து பகலில் தூங்குகிறவரைச் சுற்றி வீட்டை அமைதியாக வைப்பது யார், வருமானம் இல்லாத வருடங்களில் உங்கள் சம்பளம் மட்டும் போதுமா, உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் அவர் ஒரு வருடம் நிறுத்தத் தயாரா? இவற்றை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். பிறகு மாற்றிக்கொண்டு படியுங்கள். அவருக்கு மருத்துவத் துறையில்தான் இருக்க வேண்டும் என்பது ஆசை என்றால் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் என்று குறைந்த வருடத்தில் நோயாளி பக்கத்தில் உட்காரும் வழிகள் இருக்கின்றன, அவற்றையும் அந்தத் தாளில் சேருங்கள். டாக்டர்தான் வேண்டும் என்று அப்போதும் அவர் சொன்னால், முதல் வருடத்துக்கு மட்டும் சம்மதம் கொடுங்கள், அந்த வருடம் முடிந்ததும் திரும்ப உட்கார்ந்து பேசுவோம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் ஒவ்வொரு வருடமாகப் போனோம்.