ஒன்பதை எண்ணியவர் யார்?

கேள்வி: என் கணவர் ஏழு மாதங்களுக்கு முன் 42,000 ரூபாய் கொடுத்து ஒரு தொலைநோக்கி வாங்கினார். ஆறு அங்குலக் கண்ணாடி, மரப்பெட்டியில் உட்கார்ந்து சுழலும் வகை. இதுவரை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனது ஒன்பது தடவை. ஒரு தடவைக்கு 4,666 ரூபாய் ஆகிறது. ஒரு பொழுதுபோக்குக்கு இந்தச் செலவு தகுமா? செலவுக்கு ஏற்ற சந்தோஷம் கிடைக்கிறதா என்று எப்படி அளப்பது?
ஒரு வாசகி, ஈரோடு

பதில்: 4,666 ரூபாய் 67 காசு. கணக்கு முழுதாகவே இருக்கட்டும். காசை விட்டுக்கொடுத்தால் கணவர்களுக்குக் குளிர் விட்டுப்போகும்.

முதலில் ஒரு நன்றி. தொலைநோக்கி என்ற சொல்லைத் தொலைநோக்கிக்கே பயன்படுத்தியிருக்கிறீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு வரும் அறிக்கைகளில் அது தலைவர்களுக்கு மட்டுமே உரியது. 'தொலைநோக்குப் பார்வை கொண்ட' என்று தொடங்கினால் மூன்று வரிக்கு நிற்காது. நோக்கு என்றாலும் பார்வை, பார்வை என்றாலும் பார்வை. நடு மையம் என்கிற மாதிரி. இதை இந்தப் பக்கத்தில் ஒருமுறை எழுதப்போக, ஒரு மேடைப் பேச்சாளர் 'உமக்குத் தொலைநோக்குப் பார்வை கிடையாது' என்று நான்கு பக்கம் எழுதியனுப்பினார். 'பார்வை'யை மட்டும் அடித்துவிட்டு அப்படியே வெளியிட்டேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்து, பாயசம் வரும்வரை என்னையே தொலைவிலிருந்து நோக்கிக்கொண்டிருந்தார்.

விஷயத்துக்கு வருகிறேன், அதாவது உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல்லுக்கு. செலவு. 'செல்' என்பதிலிருந்து வந்தது. பழைய தமிழில் அதற்குப் போவது, பயணம் என்றுதான் பொருள். தலைவன் பொருள் தேடிப் பாலை வழியில் கிளம்பினால் அது செலவு. அவள் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டு வாசலோடு நின்றால் அது செலவழுங்குதல். அகப்பாட்டில் அதற்கென்றே தனித் துறை உண்டு. ஐயோ பாவம், மனம் மாறிவிட்டான் என்று நினைத்துவிடக் கூடாது. தொல்காப்பியர் கற்பியலில் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறார்: இடையில் நிற்பது போகாமல் இருப்பதற்காக அன்று, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காக. ஆகவே அடுத்த ஐபீஸ் (தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) வாங்கும் பேச்சு வீட்டில் எழுந்து, நீங்கள் முகம் சுளித்து, 'சரி, வேண்டாம், விடு' என்று அவர் சொன்னால் அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது துறை. கூரியர்காரர் எப்படியும் வருவார்.

உங்கள் கொங்குப் பக்கத்தில் இந்தச் சொல் அடுக்களைக்கே குடிபோய்விட்டது. மிளகும் சீரகமும் மல்லியும் சேர்ந்த கூட்டுக்கே அங்கே செலவு என்று பெயர். அதை அரைத்து வைத்தால் செலவு ரசம். சளி பிடித்த ஒருவனுக்கு அதை ஊற்றிவிட்டு, 'செலவுக்கு ஏற்ற சந்தோஷம் கிடைத்ததா?' என்று கேட்டுப் பாருங்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் கேட்பான். யாழிலும் செலவு உண்டு. கானல்வரியில் மாதவி யாழை எடுத்து, பண்ணல் முதல் குறும்போக்கு வரை எட்டு வகையாக மீட்டிப் பார்க்கிறாள். அந்த எட்டில் ஐந்தாவது செலவு, ஆறாவது விளையாட்டு. வரிசை என்னுடையது அல்ல, இளங்கோவடிகளுடையது.

இனி உங்கள் வீட்டு மரப்பெட்டி. அந்த அமைப்பைப் பரப்பியவர் ஒரு சந்நியாசி என்பது உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஜான் டாப்சன், பெய்ஜிங்கில் 1915-இல் பிறந்தவர். 1944-இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் சேர்ந்தார். நம் ராமகிருஷ்ண மடத்தின் வழி வந்த மடம்தான். கையில் காசு இல்லாத துறவிக்கு வானத்தைப் பார்க்கும் ஆசை வந்தால் என்ன செய்வார்? பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து, ஒளியைக் குவிக்கும் ஆடியாக்கினார். கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக் குழாயை உடலாக்கினார். மரப்பலகையில் பெட்டி அடித்து அதில் உட்காரவைத்தார். இரவானால் அதைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டுபோய் வருவோர் போவோரைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். மடத்தில் இது பிடிக்கவில்லை. நண்பர்களோடு எழுதிக்கொண்ட கடிதங்களில் ரகசியச் சொற்கள் புகுந்தன. தொலைநோக்கிக்கு 'ஜெரேனியம்' என்று பூச்செடியின் பெயர். குழாயிலும் பெட்டியிலும் பொருத்திவிட்டால் 'தொட்டியில் வைத்த ஜெரேனியம்'. ஆடிக்கு அலுமினியப் பூச்சும் முடிந்துவிட்டால் 'பூத்த ஜெரேனியம்'.

ஆசை அனைத்தையும் துறந்தவருக்கே இந்தக் கதி என்றால், சம்பளத்தை வீட்டில் கொடுப்பவர்கள் எம்மாத்திரம்? என்னிடம் 14 மைப்பேனாக்கள் இருக்கின்றன. எழுதும் கை ஒன்று. எங்கள் வீட்டில் புதுப்பேனாவுக்குப் பெயர் 'புரூஃப்', அச்சுக்கு முன் நான் பிழை திருத்தும் தாளின் பெயர். 'இன்று கொஞ்சம் புரூஃப் வந்தது' என்று பையைத் திறக்காமல் மேசைக்குள் வைப்பேன். ராஜமுந்திரியில் கடைந்த எபனைட் பேனா ஒன்றைக் கொண்டுவந்த அன்று, 'இவ்வளவு சின்ன உறையில் என்ன புரூஃப்?' என்று கேட்டாள் என் மனைவி. கவிதை என்றேன். நம்பினாள் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சென்ற தீபாவளிக்கு அவளே ஒரு மைப்புட்டி வாங்கிவந்து, 'இந்தாருங்கள், அடிக்குறிப்பு' என்று நீட்டினாள்.

டாப்சன் கதையின் மிச்சம்: 1967-இல் மடத்தைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். 23 வருடத் துறவறம் போயிற்று. அதை எத்தனை இரவால் வகுப்பது? அவர் தன் அமைப்புக்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. தெருமுனையில் நின்று காட்டிக்கொண்டே இருந்தவர், 2014-இல் 98-ஆம் வயதில் இறந்தார்.

உங்கள் வகுத்தலில் எனக்குள்ள சண்டை மேலே உள்ள எண்ணோடு அல்ல, கீழே உள்ள ஒன்பதோடு. நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் இதே வகைத் தொலைநோக்கியில் நான் ஒருமுறை சனி பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயும் கம்பிக்கும் நடுவில் இடம். கொசுவத்தி ஒன்று, ஃபிளாஸ்க்கில் காப்பி. குனிந்து கண்ணை வைத்தால் முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு கறுப்பில் ஒரு தோட்டுத் திருகாணி அளவுக்கு, வளையத்தோடு, வெட்டி ஒட்டிய மாதிரி சனி. சரியாகப் பார்ப்பதற்குள் ஓரத்துக்கு நழுவி மறைந்துவிட்டது. நண்பர் குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டினார், திரும்ப வந்தது. ஏன் ஓடுகிறது என்று கேட்டேன். 'அது ஓடவில்லை, நாம்தான் சுற்றுகிறோம்' என்றார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய விஷயம். பூமி சுற்றுவதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும். ஆனால் நண்பர் அதற்கு முன் பத்து நாளாக மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார், வரைபடம் பார்த்தார், என்னை மூன்று தடவை போனில் அழைத்தார். அதெல்லாம் எந்தத் தடவையில் சேரும்? உங்கள் கணவர் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நின்று மேற்கே பார்க்கிறாரா? அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்பதுக்கு முழுப் பொறுப்பும் அவர் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். மழைக்காலம் பாதியைத் தின்றிருக்கும். மீதியைத் தின்பது தெருவிளக்கு. தரையைப் பார்க்கவேண்டிய விளக்கை வானத்தைப் பார்த்து மாட்டுவதில் நமக்கு இணை கிடையாது. கல்யாண மண்டபம், நகைக்கடை, துணிக்கடை எல்லாம் மேகத்துக்கு வெள்ளையடிக்கின்றன. வானியலாளர் வேணு பாப்பு தொலைநோக்கி வைக்க ஜவ்வாது மலையில் காவலூரைத் தேடிப்பிடித்தது அங்கே இருந்த இருட்டுக்காகவும்தான். 2.34 மீட்டர் ஆடி அங்கே இருக்கிறது. ஊருக்குள் இருப்பவனுக்கு இருட்டு வேண்டுமென்றால் மின்வெட்டை நம்பவேண்டியிருக்கிறது. இதை நான் ஆறாவது முறையாக எழுதுகிறேன். ஏழாவது முறையும் எழுதுவேன்.

சந்தோஷத்தை எப்படி அளப்பது என்று கேட்டீர்கள். அதைவிடச் செலவு யாருடையது என்பது எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. இங்கிலாந்தில் பாத் நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த வில்லியம் ஹெர்ஷெல், 1781 மார்ச் 13 இரவு வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைக் கண்டுபிடித்தார். அதுவரை அவருக்கும் இது வேலைக்கு நடுவே செய்த பைத்தியம்தான். அந்த ஆண்டே பெரிய ஆடி ஒன்று வார்க்கப்போய், உலை ஒழுகி, உருகிய உலோகம் தரையில் ஓட, பதித்திருந்த கல்லெல்லாம் வெடித்துப் பறந்தது. அந்த ஆடியின் அச்சுக்கு மண் தயார்செய்யக் குதிரைச் சாணியை உரலில் இடித்துச் சல்லடையில் சலித்தவர் தங்கை கரோலின். அண்ணன் ஆடியைத் தேய்க்க உட்கார்ந்தால் கையை எடுக்க மாட்டார். ஒருமுறை 16 மணி நேரம். பக்கத்தில் நின்று வாயில் கவளம் கவளமாக ஊட்டியதாகக் கரோலின் எழுதிவைத்திருக்கிறார். அவர் அந்த ஊருக்கு வந்தது பாடகியாக. மேடையில் நன்றாகவே பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு நின்றுபோனது எந்தப் பில்லிலும் ஏறவில்லை.

சகோதரி, 42,000 ரூபாய்க்கு ரசீது இருக்கும். ஒன்பதுக்கு ரசீது கிடையாது. அதை எண்ணியவர் நீங்கள். ஒவ்வொரு தடவையும் படியில் அவர் ஏறும் சத்தம் கேட்டிருக்கிறது, இறங்கும்வரை தூங்காமல் இருந்திருக்கிறீர்கள், சோற்றை மூடிவைத்திருக்கிறீர்கள். அவர் கூப்பிட்டாரா, நீங்கள் போனீர்களா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. கூப்பிடவில்லை என்றால் அந்த மனிதரோடு எனக்கும் தகராறு உண்டு. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டலாம். கூப்பிட்டும் போகவில்லை என்றால், கரோலினின் மிச்சக் கதையையும் கேளுங்கள். 1786 ஆகஸ்ட் 1 அன்று அண்ணன் ஊரில் இல்லாத நேரத்தில், தனக்கென்று இருந்த சின்னத் தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 1797-க்குள் அப்படி எட்டு. மன்னர் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் போட்டார்.

பத்தாவது தடவை நீங்களும் ஏறுங்கள். வகுத்தல் அப்படியே 4,200-க்கு இறங்கிவிடும். பௌர்ணமி வேண்டாம், அன்று நிலா வெறும் வெளிச்சம், கண் கூசும், நிழலே விழாது. வளர்பிறை அஷ்டமி, நவமியில் போங்கள். நல்ல காரியம் எதற்கும் ஆகாது என்று நாள்காட்டி ஒதுக்கிவைத்த அந்த இரண்டும்தான் நிலா பார்க்க முகூர்த்த நாள். பாதி வெளிச்சமும் பாதி இருட்டும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். பள்ளங்களின் விளிம்பிலிருந்து நிழல் நீளமாக விழுந்துகிடக்கும். எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அந்த வகைத் தொலைநோக்கி அப்படித்தான் காட்டும்; பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட வேண்டாம்.