ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதி) போட்டுச் சரியான விடை வந்தும், புரோகிராமிங் இண்டர்வியூவில் ‘இன்னும் வேகமாக முடியுமா?’ என்று ஏன் கேட்கிறார்கள்?

விடை சரிதான், எண்ணிக்கை கூடும்போதுதான் சிக்கல். கூட்டினால் 9 வரும் இரண்டு எண்களைத் தேடும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பட்டியலில் 1,00,000 எண்கள் இருந்தால், லூப்புக்குள் லூப் சுமார் 500 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டிவரும்.

அதற்குப் பதில் ஒரு ஹேஷ் மேப் வைத்துக்கொள்ளுங்கள்; போட்டு வைத்த எண் அதில் இருக்கிறதா என்று சட்டென்று பார்த்துவிடலாம். எண்கள் 2, 11, 7, 15 என்றால், 2 வந்ததும் ‘7 ஏற்கெனவே வந்ததா?’ என்று பாருங்கள். இல்லை, 2-ஐப் போட்டு வையுங்கள். 11-க்கு மைனஸ் 2 வேண்டும், அதுவும் இல்லை. அடுத்து 7, அதற்கு வேண்டிய 2 மேப்பில் இருக்கிறது. ஒரே சுற்றில் முடிந்தது. நினைவகம் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தேடிவிட்டுத்தான் போட வேண்டும். மாற்றிச் செய்தால், இலக்கு 8 ஆகும்போது ஒற்றை 4 தனக்குத் தானே ஜோடியாகிவிடும். ஒருமுறை நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.