மலைச்சரிவில் பிளவுக் குகை: சிமெண்ட் ஊற்றி அடைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மேலே, மணற்கல் சரிவில், ஆள் நுழையக்கூடிய நீண்ட குகை ஒன்று இருக்கிறது. அது நீர் அரித்த குகைதான், சிமெண்ட் ஊற்றி அடைத்துவிட்டால் பயமில்லை என்கிறார் ஒப்பந்ததாரர் ஒருவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். குகை சரிவுக்குக் குறுக்கே நேர்கோடாக ஓடுவதை உங்கள் படம் காட்டுகிறது; ஒரு சுவரின் மேடு எதிர்ச்சுவரின் குழியில் பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீர் கரைத்த குகையில் சுவர்கள் வளைந்து வழவழப்பாக இருக்கும், இப்படிப் பொருந்தா. உங்களுடையது பாறை விலகியதால் உண்டான இடைவெளி. மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய மலைகளில் இது வழக்கம். ஐரோப்பாவின் கார்பேத்தியன் மலைகளில் இத்தகைய குகைகள் ஏராளம். விரிசல்களில் இறங்கும் மழைநீர் களிப்பாறையை இளக்கிவிட, மேலுள்ள மணற்கல் பாளம் தன் எடையாலேயே பள்ளத்தாக்கை நோக்கி நகர்கிறது. அது விட்டுச்செல்லும் இடமே குகை.

நகர்ந்த விதத்தை வடிவம் காட்டிக்கொடுக்கும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் பாளத்தின் தலை வெளியே சாய்கிறது. மேலே ஒட்டிக் கீழே அகன்றிருந்தால் அடிப்பகுதி முன்னே வழுக்கியிருக்கிறது. மேற்பரப்பில் பள்ளம்கூடத் தெரியாது என்பதால் இதுவே ஏமாற்றும் வகை. உங்கள் குகையைப் போலச் சுவர்கள் இணையாக நின்றால், பாளம் சாயாமல் முழுதாக வழுக்கியிருக்கிறது. கூரையாகத் தெரிபவை பெரும்பாலும் இடையில் சிக்கிய கற்கள்தாம், அவற்றுக்கு அடியில் நிற்காதீர்கள்.

சிமெண்ட் நகர்வை நிறுத்தாது. நீர் வடியும் வழியை அது அடைக்கும், தேங்கிய நீர் பாளத்தை முன்னே தள்ளும், எல்லாவற்றுக்கும் மேலாக எச்சரிக்கை தரும் விரிசலையே கண்ணிலிருந்து மறைத்துவிடும். இந்த வேலைக்காகச் சரிவின் அடிவாரத்தை வெட்டிக் கல் எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பாளத்தைத் தாங்கிநிற்பதே அந்த அடிவாரம்தான். ஆய்வறிக்கையையும் அடைப்பு வேலையையும் ஒரே ஆள் விற்றால் அந்த அறிக்கையைக் கையால் தொடாதீர்கள்.

பாறை இன்னும் விலகுகிறது என்ற இந்தச் சந்தேகத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மணற்கல்லில் சுண்ணாம்புச்சத்து இருந்தால் சொட்டுநீர் சுவர்களில் வெண்படிவை வளர்க்கும். அந்தப் படிவு ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை பாலமாகப் படர்ந்து, எங்கும் முறியாமல் இருந்தால், அது வளரத் தொடங்கிய பின் அந்த இடத்தில் பெரிய விலகல் நேரவில்லை எனலாம். ஆனால் ஒரு சுவரில் மட்டும் படிந்தது எதையும் நிரூபிக்காது. முறிந்த படிவோ நகர்வுக்கே சாட்சி. முறிவின்மேல் புதுப்படிவு வளர்ந்திருந்தால் நகர்வு பழையதாக இருக்கலாம், அதன் வயதை ஆய்வகத்தில் கணிக்கவும் முடியும். முழுப்பாலமும் அந்த ஓர் இடத்துக்குத்தான் சாட்சி, மலை முழுவதற்கும் அல்ல.

சரிவு இப்போது நகர்கிறதா என்பதை அளந்துதான் அறிய வேண்டும். கார்பேத்தியன் குகைகளில் டிஎம்-71 என்ற கருவி முத்திசை நகர்வையும் நுட்பமாகப் பதிவு செய்கிறது. உங்களுக்கு, கற்கள் தொங்காத வாய்ப்பகுதியில் எதிரெதிரே இரண்டு ஆணிகளைப் பதித்து, மாதந்தோறும் வெர்னியர் அளவியால் அளந்து தேதியுடன் எழுதுவது தொடக்கத்துக்குப் போதும். வெப்பத்தால் பாறை விரிந்து சுருங்குவதால் ஓராண்டுக் கணக்காவது வேண்டும். குகையைப் பதிவுசெய்யும் துறை சரிவைப் பார்ப்பதில்லை, சரிவைப் பார்க்கும் துறை குகைக்குள் எட்டிப்பார்ப்பதில்லை. மலை இறங்கிய பிறகுதான் கோப்பு திறக்கிறது. இந்த அலட்சியத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது, ஆகவே உங்கள் அளவுகளை எழுத்துமூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இதற்கிடையே மேற்பரப்பு நீர் பிளவுக்குள் இறங்காதபடி அதற்கு மேலே வடிகால் வெட்டித் திருப்பிவிடுங்கள். பெருமழைக்குப் பின் பிளவின் அகலம் தொடர்ந்து கூடினாலோ, சுவர்களுக்கிடையே ஓடும் வேர்கள் விறைத்து அறுந்தாலோ, எவருடைய அறிக்கைக்கும் காத்திராமல் வீட்டைக் காலி செய்யுங்கள்.