தலைப்பில் பங்கிட வேண்டிய நேரம்

கேள்வி: மன்னார்குடியில் வசிக்கிறேன். திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக எழுத்தராக வேலை பார்க்கிறேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் நகைக்கடன், உரம், பயிர்க்கடன் மனு என்று உறுப்பினர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கணக்கைத் தொடும்போது மணி நான்காகிவிடுகிறது. விடுபட்டதைத் தாளில் குறித்துக்கொண்டு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டில் கூட்டிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் இந்த வேலை பிடித்திருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே நெஞ்சு கனக்கிறது. வேலையை விட்டுவிடலாமா ஐயா? அல்லது தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகச் சங்கத்துக்குப் போனால் சரியாகிவிடுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று நேரம் போதவில்லை என்பது. மற்றொன்று மனம் ஒட்டவில்லை என்பது. கடிதத்தை மறுபடியும் மறுபடியும் படித்தபோது, இரண்டாவது குறை முதலாவதிலிருந்து பிறந்தது என்றே எனக்குப் பட்டது. ஏனென்றால் உறுப்பினர்களைப் பற்றியோ வேலையின் தன்மையைப் பற்றியோ நீங்கள் ஒரு கடுஞ்சொல்லும் எழுதவில்லை. எழுதியதெல்லாம் முடியாமல் போன வேலையைப் பற்றித்தான். ஆகவே வேலையை விடுவது பற்றிய முடிவைத் தை மாதம் வரை ஒத்திவையுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். களைத்த மனத்தோடு எடுக்கும் முடிவையும், களைப்பு நீங்கிய பின் எடுக்கும் முடிவையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

நீங்கள் கடைமடைப் பகுதியில், அதாவது ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், வேலை செய்பவர் என்பதால் ஒன்றைச் சுற்றி வளைக்காமல் சொல்லலாம். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்று நீர் கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் பிரிகிறது. எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்பது அங்கே, தலைப்பில், அதாவது நீர் பிரியும் தொடக்க இடத்தில், ஷட்டரை ஏற்றி இறக்கும்போதே முடிவாகிறது. என் தந்தைக்கு ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் நான்கு மா நிலம் இருந்தது. தண்ணீர் வராத நாட்களில் அவர் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நெடுநேரம் நின்றிருப்பார். நின்று பயனில்லை, மேலே பங்கிடப்படாத தண்ணீரைக் கீழே நின்று யாரும் பங்கிட முடியாது. உங்கள் கணக்கு வேலை இப்போது கடைமடையில் இருக்கிறது. காலையிலிருந்து மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சியதே அதற்கு வந்து சேர்கிறது. மாலை நான்கு மணிக்கு அங்கே நின்றுகொண்டு நேரத்தைத் தேடுகிறீர்கள்.

முதலில் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள். பிள்ளைகளின் பழைய கட்டுரை நோட்டு ஒன்று போதும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. என்ன வேலை, யாருக்காக, இடையில் எத்தனை முறை நின்றது என்பதை மட்டும் குறியுங்கள். இதைச் சொன்னால் பலர், "வேலை செய்யவே நேரமில்லை, இதை எங்கே எழுதுவது" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் நான் இதை விட்டுக்கொடுப்பதில்லை. நாள் முழுவதும் கூட்டம் இருந்தது என்பது நினைவு தரும் சித்திரம். நோட்டைப் பார்த்தால், உரம் வந்து இறங்கிய நாட்களைத் தவிர மற்ற நாட்களில் கூட்டம் சில மணி நேரத்தில்தான் குவிகிறது என்பது தெரியவரலாம். பேருந்து வரும் நேரம், பள்ளி விடும் நேரம், நகை மதிப்பீட்டாளர் வந்து போகும் நேரம் ஆகியவற்றை ஒட்டியே ஊர்க்காரர்கள் வருவார்கள். அந்த ஒழுங்கு கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு செயலாளரிடம் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். கூட்டம் குறைந்த ஒரு மணி நேரத்தைக் கணக்குக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் மனு வாங்குவதில்லை என்று பலகையில் எழுதி வைக்கலாம். நகைக்கடன் முற்பகலில், பயிர்க்கடன் ஆவணச் சரிபார்ப்பு மதியம் இரண்டரைக்கு மேல் என்று வேலைகளுக்கு முறை வைக்கலாம். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் ஆற்றுக்கு ஆறு முறை வைத்துத் திறப்பதை ஏற்று வாழும் விவசாயிகள், சங்கத்தில் முறை வைப்பதைப் புரிந்துகொள்ளாமல் போக மாட்டார்கள். ஆனால் வெகுதூரத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த முதியவர் ஒருவரைப் பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பாதீர்கள். வாரத்தில் நான்கைந்து முறை இப்படி முறை தப்பும். அதனால் ஏற்பாடு கெட்டுவிடாது.

குறுக்கீட்டை முற்றிலும் தடுக்க முடியாது என்பதால், குறுக்கீட்டுக்குப் பிறகு திரும்பி வரும் வழியைச் செப்பனிட வேண்டும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, கவனத்தின் ஒரு பகுதி விட்ட வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அவரே பின்னர் தெரிசா குளோம்ப் என்பவருடன் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், எழுந்து போகுமுன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சுருக்கமாக எழுதி வைப்பவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் நன்றாகப் பதிகிறது என்று கண்டார்கள். உங்கள் மேசையில் இதைச் செய்வது எளிது. "ரசீது 212 வரை சரி, 213-இல் 400 ரூபாய் வித்தியாசம், நாள் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தால், எதிரில் நிற்பவரின் சொல் முழுமையாகக் காதில் விழும். ரசீதுக் கட்டை முதலிலிருந்து புரட்டும் வேலையும் மிச்சமாகும்.

அடுத்தது, நடப்பு மாதத்துக்கு மிக அவசரமானது. நேர மேலாண்மை பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் எல்லா நாட்களும் ஒரே அளவு என்று எண்ணிச் சொல்லப்படுபவை. டெல்டாவில் அப்படி இல்லை. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறந்தால் ஒரு கணக்கு, 2022-இல் போல மே 24-இலேயே திறந்தால் வேறொரு கணக்கு, 2024-இல் போல ஜூலை இறுதிவரை தள்ளிப்போனால் இன்னொரு கணக்கு. குறுவைக் கடனும் உரமும் ஒரு அலை; சம்பா, தாளடிக் கடனும் காப்பீடும் அடுத்த அலை; அறுவடைக்குப் பின் வசூலும் மார்ச் மாத ஆண்டு முடிவும் மூன்றாவது அலை. நிலுவைப் பதிவேடுகளைச் சீர்செய்வது, உறுப்பினர் விவரங்களைப் புதுப்பிப்பது போன்றவற்றைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பையும் அப்போதே எடுங்கள்.

இந்தப் புரட்டாசியில் உங்கள் முன் நிற்பது பயிர்க்காப்பீடு. சம்பா நெல்லுக்கான கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15 என்று அறிவிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் சங்கத்து வாசலில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மதிப்பிடும்போது, முன் அனுபவம் இருந்தும் குறைத்தே மதிப்பிடுவது மனித இயல்பு என்பதை உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே சுட்டிக்காட்டினார்கள். இந்த இயல்புக்கு மாற்று, மனத்தில் தோன்றும் அளவை விட்டுவிட்டுச் சென்ற ஆண்டின் பதிவேட்டைப் பார்ப்பது. சென்ற ஆண்டு 400 மனு வந்தது என்றும், ஒரு மனுவுக்கு 15 நிமிடம் பிடித்தது என்றும் கொள்வோம். மொத்தம் 100 மணி நேரம். நாளுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினாலும் 33 வேலை நாட்களுக்கு மேல் வேண்டும். நவம்பர் 15-இலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆயுத பூசை, தீபாவளி விடுமுறைகளையும் ஞாயிறுகளையும் மழையில் மின்சாரம் நிற்கும் நாட்களையும் கழித்தால், புரட்டாசியின் நடுவிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று விடை வரும். அப்போது பதிவேற்ற முடியாவிட்டாலும் நில உரிமையைக் காட்டும் சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றில் பெயரும் எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, பிழை உள்ளவர்களுக்குச் சொல்லி அனுப்பலாம். நிலத்தில் என்ன பயிர் என்பதைக் காட்டும் அடங்கல் பின்னால் வந்து சேரட்டும். கடைசி வாரத்து நெரிசலில் பெருமளவு, பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் திரும்பத் திரும்ப வருபவர்களால் உண்டாவது.

இப்போது மனம் ஒட்டாததைப் பற்றிப் பேசுகிறேன்.

தெரெசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 238 பணியாளர்களை அன்றாடம் குறிப்பு எழுதச் சொல்லி, ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு என்னைப் போன்றவர்களின் எண்ணத்தையே மாற்றியது. வேலையில் ஒரு நாள் நல்ல நாளாக அமைவதற்கு மற்ற எதையும் விட அதிகமாகக் காரணமாவது, பொருளுள்ள ஒரு வேலையில் அன்று சிறிதளவேனும் முன்னேறியிருப்பதுதான் என்று அவர்கள் கண்டார்கள். இதை உங்கள் நிலையில் பொருத்திப் பாருங்கள். ஒரு நாளில் முப்பது பேருக்காவது ஏதோ ஒன்றைச் செய்து முடிக்கிறீர்கள். ஆனால் மாலையில் உங்கள் மனத்தில் நிற்பது எழுதாத கணக்கு ஒன்றே. முடிந்தவை எந்தப் பேரேட்டிலும் உங்கள் பெயரில் வரவு வைக்கப்படுவதில்லை. ஆகவே அதே நோட்டின் பின்பக்கத்தில், புறப்படுமுன், அன்று முடிந்தவற்றில் மூன்றை எழுதுங்கள். "இன்னாருக்குப் பயிர்க்கடன் மனு முழுமையானது" என்று ஆளோடு சேர்த்து எழுத வேண்டும். "நன்றாக வேலை செய்தேன்" என்று எழுதுவதால் பயனில்லை.

ஆளோடு சேர்த்து என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஏமி ரெஸ்னியெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒரே வேலையைச் செய்தவர்களில் சிலர் அதைத் தரையைத் துடைப்பதாக மட்டும் கண்டார்கள். வேறு சிலர் நோயாளிகள் குணமடைவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று கண்டு, நோயாளியோடும் உறவினரோடும் பேசி, யாரும் சொல்லாமலேயே வேலையின் எல்லையைச் சற்று மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் வகையினருக்கு வேலை பிடித்திருந்தது. நீங்கள் கையாளும் மனு உங்கள் மேசையில் தாளாக இருக்கிறது. மேசையைத் தாண்டியதும் அது நாற்றங்காலாகிறது, நடவாகிறது, தவணைக்குள் கட்டி முடித்தால் வட்டியில்லாக் கடனாகிறது. நீங்கள் சரிபார்த்த காப்பீட்டு மனுவில், காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை மட்டும் விவசாயி கட்டுகிறார். மழையில் கதிர் சாய்ந்து முளைத்துவிட்ட ஆண்டில் அந்தத் தாள் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதைப் பதினோரு ஆண்டுகளில் நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். மாதத்தில் ஒரு நாள், ஏதாவது ஒரு கிராமத்துக்குச் சங்க வேலையாகப் போக நேர்ந்தால், கடன் வாங்கியவரின் வயல் வரப்பில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். சம்பள நாளுக்கு இல்லாத ஒரு பலம் அந்தப் பத்து நிமிடத்துக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டுக்குக் கணக்கைக் கொண்டுபோவதை இந்த வாரமே நிறுத்துங்கள். முடியாத வேலை மனத்தை அரிப்பது உண்மை. ஆனால் அதை எப்போது, எப்படி முடிக்கப்போகிறோம் என்று திட்டமாக எழுதிவிட்டாலே அந்த அரிப்பு வெகுவாக அடங்கிவிடுகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மாலையில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு வீட்டு வேலையில் கணவரும் பிள்ளைகளும் எதை ஏற்பது என்பதையும் தலைப்பிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பாத்திரம் குவிந்த பின் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

இவ்வளவையும் செய்த பிறகும் நோட்டில் நாளுக்குப் பதினோரு மணி நேர வேலை என்று வந்தால், அது உங்கள் குறையாகாது. இரண்டு பேர் வேலையை எந்த உத்தியாலும் ஒருவர் செய்ய முடியாது. அந்த நோட்டையே ஆதாரமாக வைத்து, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, இன்னோர் ஆள் வேண்டும் என்று செயலாளர் வழியாக நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். தூக்கமின்மையும் நெஞ்சு கனப்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தினமும் வேண்டாம், ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தால் மறு வாரமே ஒன்பது மணிக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். காப்பீட்டுப் பதிவு முடியும் வரை மட்டும், வாரத்தில் இரண்டு நாள், செயலாளருக்குச் சொல்லிவிட்டு முந்தைய பேருந்தில் போங்கள். போகும் நாட்களில் முன்கதவைச் சாத்தியே வைத்துவிட்டு, முந்தைய மாலை எழுதி வைத்த துண்டுத் தாளிலிருந்து தொடங்குங்கள்.