அழித்த லாக் ஃபைல் இடத்தை விடமாட்டேன் என்கிறதா?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் 50 ஜிபி டிஸ்க் இருக்கிறது. நேற்று இரவு முதல் இணையதளம் படுத்துவிட்டது. நடப்பதைக் குறித்துவைக்கும் எந்த லாகைத் திறந்தாலும் ‘டிஸ்கில் இடமில்லை’ என்ற பிழைதான். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளையைப் போட்டால் 100% என்கிறது. 27 ஜிபிக்கு வீங்கியிருந்த ஒரு லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழித்தேன். அப்படியும் 100%தான். ஃபைல்களின் அளவைச் சொல்லும் டியூ போட்டுக் கூட்டினால் 20 ஜிபிக்கு மேல் வரவில்லை. மீதி எங்கே போனது? ரீபூட் செய்துவிடலாமா?

பதில்: ரீபூட்டை ஒரு பத்து நிமிடம் தள்ளிவையுங்கள். செய்தால் இடம் திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் யார் பிடித்துவைத்திருந்தார்கள் என்பது தெரியாமலே போகும், அடுத்த வாரம் இதே கேள்வியோடு வருவீர்கள். அதோடு, டிஸ்க் உண்மையாகவே நிரம்பியிருக்கும்போது ரீபூட் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒருமுறை அவசரப்பட்டு அப்படிச் செய்தேன். ஒரு வரிகூட எழுத இடமில்லாததால் டேட்டாபேஸ் எழுந்திருக்க மறுத்துவிட்டது. அதுவரை இணையதளம் நொண்டிக்கொண்டாவது இருந்தது, அதன்பின் அதுவும் இல்லை.

டிஎஃப், டியூ இரண்டு கட்டளைகளும் பொய் சொல்லவில்லை. லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. டைரக்டரி என்பது ஒரு பதிவேடு. அதில் பெயரும், உள்ளடக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பான ஐநோடின் எண்ணும்தான் இருக்கும். ஆர்எம் அந்தப் பெயரை மட்டும் அடிக்கிறது. எந்தப் பெயரும் மிச்சமில்லை, எந்தப் ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) அந்த ஃபைலைத் திறந்துவைத்திருக்கவில்லை என்ற இரண்டும் சேர்ந்தால்தான் லினக்ஸின் மையமான கெர்னல் இடத்தை விடுவிக்கும். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டீர்கள், ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. டிஎஃப் ஃபைல் சிஸ்டத்திடமே கேட்பதால் நாற்காலிகளை எண்ணுகிறது. டியூ டைரக்டரி டைரக்டரியாக நடந்து, பெயருள்ளவற்றை மட்டும் கூட்டுகிறது.

ஆளைத் தேடுமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: டியூவை ரூட்டாக, அதாவது முழு அனுமதியுள்ள யூசராக, ஓட்டினீர்களா? சாதாரண யூசராக ஓட்டினால், நுழைய அனுமதியில்லாத டைரக்டரிகளை எண்ணாமல் விட்டுவிடும். பிழைச் செய்திகள் எரிச்சலாக இருக்கின்றன என்று அவற்றையும் மறைத்துவிட்டால் கணக்கு குறைவது கண்ணிலேயே படாது. ரூட் அனுமதியோடு ஓட்ட முன்னால் ‘சுடோ’ சேர்த்துக்கொள்ளுங்கள், ‘-எக்ஸ்’ சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ் போட்டால் வேறு டிஸ்குகளுக்குள் போகாமல் இதே ஃபைல் சிஸ்டத்துக்குள் நிற்கும்.

அப்போதும் 20 ஜிபிதான் என்றால் ‘சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’ கொடுங்கள். இதில் கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து. பெயர் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இருக்கிற, ஆனால் திறந்திருக்கிற ஃபைல்களைக் காட்டு என்று அர்த்தம். உங்களுக்கு வரும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: முதலில் ‘ஜாவா’, அடுத்து ப்ராசஸ் எண் 1843, கொஞ்சம் தள்ளி ‘4டபிள்யூ’, பிறகு 28990417731 என்ற நீளமான எண், கடைசியில் நீங்கள் அழித்த ஃபைலின் பாதையும் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘டெலீட்டட்’ என்ற சொல்லும். அந்த நீள எண் பைட்டில் இருக்கிறது. மூன்று முறை 1024-ஆல் வகுத்தால் 27 வரும். காணாமல் போனது அதுதான். 4டபிள்யூ என்றால், அந்த ப்ராசஸ் தான் திறந்த ஃபைல்களுக்கு இடும் எண்களில் நான்காம் எண்ணில், எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது.

அந்த ப்ராசஸுக்கு உரிய சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. முழு சர்வரையும் ரீபூட் செய்யத் தேவையில்லை. ரீஸ்டார்ட்டும் கூடாது, பகல் நேரம், ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பெயர் போனாலும் ‘/ப்ராக்/1843/எஃப்டி/4’ என்ற பாதை அதே ஃபைலைத்தான் காட்டும். ஃபைலின் அளவைச் சுழியாக்கும் ‘சுடோ ட்ரன்கேட் -எஸ் 0’ என்று எழுதி அந்தப் பாதையைக் கொடுத்தால் 27 ஜிபியும் அந்த நொடியே திரும்பும். ஃபைலைக் காலி செய்யப் பலரும் எழுதுகிற ‘>’ குறி முறை இங்கே காலை வாரும்: முன்னால் சுடோ போட்டாலும் அந்தக் குறியைச் செயல்படுத்துவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் உங்கள் ஷெல், அதற்கு ரூட் அனுமதி கிடையாது.

இதே பாதையால் இன்னொரு லாபமும் உண்டு. தவறான ஃபைலை அழித்துவிட்டீர்கள், ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்துவைத்திருக்கிறது என்றால் அங்கிருந்து சிபி போட்டு வேறு டிஸ்குக்கு நகல் எடுத்துவிடலாம். அந்த ப்ராசஸ் சாகும்வரைதான் வாய்ப்பு. ரீபூட்டைத் தள்ளிவைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பட்டியலில் ‘டெலீட்டட்’ என்று வருவதையெல்லாம் காலி செய்துவிடாதீர்கள். டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் தன் தற்காலிக ஃபைல்களைத் திறந்த கையோடு பெயரை அழித்துவிடும். அது திட்டமிட்டே செய்வது, அதில் கை வைத்தால் வேறு தலைவலி. உங்கள் லாக் எது என்று பாதையைப் பார்த்து உறுதி செய்தபின் அதை மட்டும் தொடுங்கள்.

இன்னொரு விநோதத்தையும் பார்க்க நேரலாம். லாகைக் காலி செய்து ஒரு நிமிடத்தில் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் மறுபடி 27 ஜிபி என்று காட்டும், டியூ சில எம்பி என்று காட்டும். அப்ளிகேஷன் அந்த ஃபைலை ‘கடைசியில் சேர்’ முறையில் திறக்காமல், தான் விட்ட பழைய இடத்திலிருந்தே எழுதுவதால் வருவது இது. முன்பகுதி வெறும் ஓட்டை, டிஸ்கில் இடம் பிடிக்காது. டியூவை நம்புங்கள்.

இனிமேல் ஓடிக்கொண்டிருக்கிற லாகை ஆர்எம் செய்யாதீர்கள், ட்ரன்கேட் செய்யுங்கள். பழைய லாகை ஒதுக்கிவிட்டுப் புதிதைத் தொடங்கும் (சுழற்றும்) லாக்ரொடேட் கருவியில் ‘காப்பிட்ரன்கேட்’ என்ற வசதி, லாகை நகலெடுத்துவிட்டு இதைத்தான் தானாகச் செய்கிறது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. நகல் எடுத்து முடிப்பதற்கும் காலி செய்வதற்கும் நடுவே எழுதப்படும் வரிகள் தொலையும். நகலுக்கே அதே அளவு இடமும் வேண்டும். 27 ஜிபி லாகுக்கு உங்கள் டிஸ்கில் அது நடக்காது. அப்ளிகேஷனுக்குச் சிக்னல் அனுப்பி லாகைத் திரும்பத் திறக்கச் சொல்வதுதான் சுத்தமான வழி. என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு அது யூஎஸ்ஆர்1 சிக்னல். எந்தச் சிக்னலுக்கும் அசையாத அப்ளிகேஷனுக்கு மட்டும் காப்பிட்ரன்கேட்டை வைத்துக்கொள்ளுங்கள், தினமும் சுழலும்படி, அளவு வரம்போடு.

உங்கள் விஷயத்தில் எல்எஸ்ஓஎஃப் வெறுமையாக வராது என்று நினைக்கிறேன். வந்தால், ஏதாவது டைரக்டரியின் மேல் வேறு டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா (இணைக்கப்பட்டிருக்கிறதா) என்று பாருங்கள். மவுன்ட் ஆகத் தவறிய ஓர் இரவில் பேக்கப் முழுக்க ரூட் டிஸ்கிலேயே விழுந்திருக்கும். மறுநாள் மவுன்ட் சரியானதும் அது அடியில் மறைந்துவிடும். ‘மவுன்ட் --பைண்ட்’ போட்டு ரூட்டை ‘/எம்என்டி’யில் இன்னொரு முறை காட்டச் செய்து, அங்கே டியூ ஓட்டினால் மறைந்தது வெளியே தெரியும்.

இதே ‘இடமில்லை’ பிழை, டிஎஃப் 60% காட்டும்போதும் வரும். அப்போது ‘டிஎஃப் -ஐ’ போடுங்கள். ஐநோடுகள் தீர்ந்திருக்கும். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் அவற்றின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே நிர்ணயமாகிவிடும். சுத்தம் செய்யப்படாத பிஎச்பி செஷன் டைரக்டரி ஒன்றே லட்சக்கணக்கான குட்டி ஃபைல்களால் அதைத் தின்றுவிடும். அங்கே ‘ஆர்எம் *’ என்றால் பட்டியல் நீளம் என்று ஷெல் கையை விரிக்கும், ‘ஃபைண்ட்’ கட்டளையை ‘-டெலீட்’ சேர்த்து ஓட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் கணக்கில் ஒரு சின்ன உதைப்பு இருக்கிறது. 20-ம் 27-ம் 47, டிஸ்கோ 50. அப்புறம் எப்படி 100%? இஎக்ஸ்டி4 இயல்பாகவே 5% இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும், உங்களுக்கு அது இரண்டரை ஜிபி. மற்றவர்களுக்கு இடம் தீர்ந்தபின்னும் ரூட்டாக வேலை பார்க்க உதவுவது அந்த ஒதுக்கீடு. டேட்டா மட்டும் இருக்கிற தனி டிஸ்க் என்றால் ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ போட்டு அதை 1% ஆக்கிக்கொள்ளலாம். ரூட் டிஸ்கில் அப்படியே விட்டுவிடுங்கள்.